சளி பிடித்தாலே பாப்பாவுக்குக் காது வலி: இது வைரஸா, பாக்டீரியாவா?

கொருக்குப்பேட்டைக்காரி:
பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. சளி பிடித்தால் முதலில் மூக்கு ஒழுகும், லேசாக ஜுரம் வரும், சரி தணிகிறது என்று நினைக்கும்போது நடு ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். போன தடவை காட்டிய டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். இப்போது பார்த்தவர், ஒரு காதில்தான் இருக்கு, ஜுரமும் அதிகமில்லை, வலிக்கு பாரசிட்டமால் கொடுங்க, ரெண்டு மூணு நாள் பார்ப்போம் என்கிறார். சளி வைரஸால் வருகிறது என்றால் காதும் வைரஸ்தானே, அப்புறம் அன்றைக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்? மாமியாரோ தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போயிடுச்சு என்று பூண்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். தெரிந்தவங்க சொல்லுங்க.

ராயபுரம் நர்ஸம்மா:
ரெண்டில் ஒன்று என்று பிரிக்க முடியாது, பெரும்பாலும் ரெண்டும் கூட்டாளிகள். காதுக்குக் கெடுதல் செய்கிற பாக்டீரியா, அதாவது நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா மூன்றும், நன்றாக இருக்கிற குழந்தைகளின் மூக்குக்குப் பின்பக்கமே குடியிருக்கும், சும்மா இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆர்.எஸ்.வி., ரைனோ, அடினோ, ஃப்ளூ மாதிரி ஒரு சளி வைரஸ் வந்ததும் அந்த இடமெல்லாம் வீங்கும், சளியை வெளியே தள்ளுகிற நுண்முடிகள் வேலை செய்யாது, மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் அடைத்துக்கொள்ளும். கேப்டன் காட்டன் கால்வாய் அடைத்தால் வியாசர்பாடியில் தண்ணீர் எதிர்த்து ஏறுமே, அந்தக் கதைதான். நடுக்காதில் காற்றழுத்தம் குறைந்து நீர் தேங்கும், மூக்கில் இருந்த பாக்டீரியாவும் அங்கே ஏறிவிடும். சளி வந்த அன்றைக்கே இல்லாமல் சில நாள் கழித்துக் காது வலிப்பது இதனால்தான். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சரிவாக, நீளமாக இருக்கும், குழந்தைக்குக் குட்டை, கிட்டத்தட்ட படுத்தாற்போல. அதனால் ஆறு மாசத்திலிருந்து ரெண்டு வயசுவரை இது ரொம்ப அதிகம்.

சில காதில் வைரஸ் மட்டும்தான் இருக்கும், அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியா இருந்தாலும் ரெண்டு வயசு தாண்டிய பிள்ளைக்கு நிறைய தடவை தானாகவே அடங்கிவிடும். உங்க டாக்டர் ரெண்டு மூணு நாள் பார்ப்போம் என்றது அதனால்தான், அலட்சியம் இல்லை. ஆறு மாசத்துக்குக் கீழே இருந்தாலோ, ரெண்டு வயசுக்குள் ரெண்டு காதிலும் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, ஜுரம் 39 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ அப்படிக் காத்திருக்க மாட்டார்கள், அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவார்கள். போன தடவை எழுதியதற்கும் இப்படி ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். குளிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிழியாத செவிப்பறையைத் தாண்டி அது உள்ளே போகாது. எண்ணெய் வேண்டவே வேண்டாம், செவிப்பறை ஓட்டையாகி இருந்தால் நேரே நடுக்காதுக்குப் போய்விடும்.

எண்ணூர் அப்பா:
வலி நின்றதும் விட்டுடாதீங்க. எங்க பையனுக்கு வலியெல்லாம் போன பிறகும் டிவி சத்தத்தை ஏத்திக்கொண்டே இருந்தான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், நாங்க திமிர் என்று நினைத்தோம். இ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டு செவிப்பறைக்குப் பின்னால் நீர் நிற்கிறது என்றார். வலி போனபிறகும் வாரக்கணக்கில் அது நிற்குமாம், பெரும்பாலும் மூணு மாசத்துக்குள் வற்றிவிடும், வற்றாமல் காது மந்தமாகவே இருந்தால்தான் நீர் வடிய செவிப்பறையில் குட்டிக் குழாய் வைப்பது பற்றிப் பேசுவார்களாம். பேச்சு கற்கிற வயசு, அதான் சொல்றேன். அப்புறம் வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் முதலில் அதை வெளியே அனுப்புங்க. புகை பிடிக்கிறவர்கள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். மணலி பக்கத்து ஆலைப் புகையை நம்மால் நிறுத்த முடியாது, வீட்டுக்குள் இருப்பதையாவது நிறுத்தலாம்.

கொருக்குப்பேட்டைக்காரி:
ரொம்ப நன்றி. எண்ணெய் விஷயத்தை மாமியாரிடம் வீட்டுக்காரரையே பேசச் சொல்லிட்டேன். நிமோகாக்கஸுக்கு ஊசி போட்டாச்சே, கார்டில் இருக்கு, அப்புறமும் எப்படி வருது?

ராயபுரம் நர்ஸம்மா:
நம்ம தமிழ்நாட்டில் 2021-லிருந்து அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள், 6 வாரம், 14 வாரம், 9 மாசம் என்று மூணு தவணை. நிமோனியா, மூளைக்காய்ச்சல் மாதிரி பெரிய ஆபத்துகளைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை, காதுக்கும் ஓரளவு உதவும். ஆனால் நிமோகாக்கஸில் எத்தனையோ வகை, ஊசி சிலவற்றை மட்டும்தான் தடுக்கும். அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட் ஊசியில் ஹீமோஃபிலஸ் இருக்கே என்று கேட்பீர்கள், அது பி வகைக்கு. காதுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. சளியே வராமல் இருக்கணும் என்றால் வருஷா வருஷம் போடுகிற ஃப்ளூ ஊசி கொஞ்சம் உதவும், மற்ற பெரும்பாலான சளி வைரஸ்களுக்கு அதுவும் கிடையாது. பாட்டில் பால் கொடுப்பதாக இருந்தால் படுக்கவைத்துக் கொடுக்காதீங்க.

ரெண்டு மூணு நாளில் வலி குறையவில்லை, ஜுரம் ஏறுது, சீழ் வருது என்றால் அதே டாக்டரிடம் திரும்பப் போங்க. காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே, நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போங்க.