ஒரு கோடியா, ஒரு பைசாவா? மொட்டை மாடி சண்டைக்கு ஒரு தீர்ப்பு சொல்லுங்க

மொட்டைமாடி_வாசி

எங்க கேங்ல ஆறு பேர். காலேஜ் முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு, இப்பவும் மாசத்துல ஒரு சனிக்கிழமை எவனாவது ஒருத்தன் வீட்டு மொட்டை மாடில கூடிருவோம். சீட்டாட்டம்லாம் கிடையாது. "ஒருவேளை இப்படி ஆச்சுன்னா என்னடா பண்ணுவ"ன்னு எவனாவது ஒரு கேள்விய போடுவான், அத வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கத்துவோம், அவ்ளோதான் எங்க பொழுதுபோக்கு. கீழ் வீட்டு அங்கிள் ஒருநாள் மேல வந்து "ஏதாச்சும் சொத்துத் தகராறாப்பா"ன்னு கேட்டாரு. அன்னைக்கு தகராறு என்னன்னா, பூனை சைஸ்ல நூறு யானை வந்தா சமாளிக்கிறது ஈஸியா இல்ல யானை சைஸ்ல ஒரே ஒரு பூனை வந்தா ஈஸியாங்கிறது.

இந்த வாரம் நான் போட்ட கேள்வி பழசுதான். இப்பவே கைல ஒரு கோடி வாங்கிக்கிறியா, இல்ல இன்னைக்கு ஒரு பைசா, நாளைக்கு ரெண்டு பைசா, நாளான்னைக்கு நாலு பைசான்னு ஒரு மாசம் டபுள் ஆகிட்டே போறத வாங்கிக்கிறியா? மூணு பேர் டக்குனு பைசான்னுட்டான், ஏற்கனவே எங்கயோ கேள்விப்பட்டிருக்கானுங்க. கூட்டுறவு சொசைட்டில வேலை பாக்குற ஒருத்தன் மட்டும் வாய்ல முறுக்க வச்சுக்கிட்டே "எந்த மாசம்?"னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். அவன் போன்ல கால்குலேட்டர எடுத்து காட்டினான் பாருங்க, சத்தமே இல்ல. 30 நாள் மாசம்னா மொத்தமா 1,07,37,418 ரூபா சொச்சம் வருது, அதாவது கோடிய விட ஏழு லட்சம்தான் கூட. 31 நாள்னா 2 கோடியே 14 லட்சம். பிப்ரவரின்னா? 26 லட்சத்து 84 ஆயிரம்! லீப் வருஷமா இருந்தாலும் 53 லட்சம்தான். பைசான்னு கத்துன மூணு பேரும் பிப்ரவரில மாட்டியிருந்தா நடுத்தெருதான்.

அதோட விட்டானா. "17 நாள் முடிஞ்சா கைக்கு 1,310 ரூபாதான் வந்திருக்கும், அன்னைக்கு நான் செத்துப்போனா மீதி நாமினிக்கு வருமா, டாக்ஸ் யார் கட்டுறது"ன்னு ஆரம்பிச்சுட்டான். இப்படி கண்டிஷன் நோண்டுறது ஆட்டத்தையே கெடுக்குதுன்னு ரெண்டு பேர் எந்திரிச்சு போயிட்டானுங்க. நோண்டுறதுதான் ஆட்டமேன்னு எனக்கு தோணுது. நீங்க சொல்லுங்க, கேள்விக்குள்ள கேள்வி கேக்கலாமா கூடாதா?

இன்னொன்னும் இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தன்கிட்ட "உன் அம்மாவும் பொண்டாட்டியும் ஆத்துல விழுந்தா யார மொதல்ல காப்பாத்துவ"ன்னு கேட்டுட்டோம். அவன் செருப்ப மாட்டிக்கிட்டு போனவன்தான், இன்னும் குரூப்ல கூட வாய திறக்கல. அதுல தப்பு எங்கன்னு சத்தியமா புரியல, இத விட மோசமா எவ்ளோ கேட்டிருக்கோம்.

கணக்குவாத்தி

உங்க சொசைட்டிக்காரர் கைய குடுக்க சொல்லுங்க. நோண்டலாம், ஆனா நோண்டுனா பதில் மாறணும், அப்பதான் அது செல்லும். "எந்த மாசம்"னு கேட்டா பதில் மாறுது. "டாக்ஸ் யார் கட்டுவா"ங்கிறது ரெண்டு பக்கமும் இருக்கிற தொல்லை, அதனால அத தூக்கி ஓரமா வைங்க. இன்னொரு விஷயம் அவரே விட்டுட்டாரு, 25 பைசாவும் அதுக்கு கீழ உள்ள காசும் 2011 ஜூன் 30-லயே செல்லாதுன்னு ஆயிருச்சு, மொதல் சில நாளைக்கு உங்களுக்கு காசா குடுக்கவே வழி இல்ல, நோட்டுல கணக்கு எழுதிக்க வேண்டியதுதான்.

டபுள் ஆகுற கணக்குன்னா அம்பலப்புழா கதைதான் ஞாபகம் வரும். கேரளாவுல கிருஷ்ணன் கோயில், ராஜா ஒரு சாமியாரோட சதுரங்கம் ஆடி தோத்துட்டாரு, சாமியார் கேட்டது மொதல் கட்டத்துக்கு ஒரு நெல்லு, அடுத்ததுக்கு ரெண்டு, இப்படியே 64 கட்டத்துக்கும். ராஜா பூ இவ்ளோதானான்னாரு. கூட்டிப் பாத்தா 1,84,467 கோடி கோடி மணி வருது. அந்த கடன அடைக்கத்தான் இன்னைக்கும் தினமும் பால் பாயசம் ஊத்துறாங்கன்னு அங்க சொல்லுவாங்க. அந்த ராஜா ஒரு தடவ "எத்தன கட்டம்"னு நோண்டிக் கேட்டிருந்தா பாயசம் கிடைச்சிருக்காது, அது வேற விஷயம்.

பூனை மேட்டருக்கும் சொல்லிடறேன். நீளத்த பத்து மடங்கு ஆக்கினா எடை ஆயிரம் மடங்கு ஏறும், ஆனா எலும்போட குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் ஏறும். கலிலியோ 1638-லயே எழுதி வச்சுட்டாரு. யானை சைஸ் பூனை அதே பூனைக் கால வச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கவே முடியாது, அப்படியே படுத்துக்கிட்டு மியாவ்னு கத்தும். நூறு குட்டி யானைதான் ஆபத்து.

ஸ்பேனர்_செட்

நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், எங்க கடைல டீ டைம்ல ஓடுற கேள்விய தரேன். ஒருத்தரோட டிவிஎஸ் 50, அவங்க அப்பா ஓட்டுனது, வருஷா வருஷம் ஒண்ணொண்ணா மாத்துறோம், டயரு, கார்புரேட்டரு, டேங்கு, சீட்டு, கடைசில இன்ஜினும் மாத்தியாச்சு. கழட்டுன எல்லாத்தையும் என் பையன் சேத்து வச்சு மூலைல இன்னொரு வண்டி கட்டிட்டான்னு வைங்க. எது அப்பா வண்டி? கடைப் பசங்க ரெண்டு கட்சி ஆயிட்டானுங்க. நான் சொன்னேன் போய் ஆர்சி புக்க பாருங்கடா, சேசிஸ் நம்பர் எதுல அடிச்சிருக்கோ அதுதான் வண்டி. இன்ஜின் மாத்துனா புக்ல ஏத்திக்கலாம், சேசிஸ் போச்சுன்னா வண்டியே போச்சு. அதுக்கு அந்த கஸ்டமர் என்ன சொன்னாரு தெரியுமா, "அப்பா கை பட்ட ஹேண்டில்பார் எதுல இருக்கோ அதான் எனக்கு வண்டி"ன்னாரு. எனக்கு பதில் வரல.

வேதாளம்_பேத்தி

ஸ்பேனர் அண்ணா, இது கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷ கேள்வி. கிரேக்கக் கதைல வர்ற தீசியஸ்ங்கிற வீரனோட கப்பல்ல உளுத்த பலகைய ஏதென்ஸ்காரங்க ஒவ்வொண்ணா மாத்துனாங்க, அது அதே கப்பலான்னு அப்பவே அடிச்சுக்கிட்டதா புளூட்டார்க்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்காரு. ஆனா நம்ம பாட்டிங்க இத விட ஒரு படி மேல போயிட்டாங்க. புருஷனும் பொண்ணோட அண்ணனும் காளி கோயில்ல தலைய வெட்டிக்கிறாங்க, காளி மனசு எறங்கி தலைய ஒட்ட வை, உயிர் வரும்ங்கிறா, அந்த பொண்ணு பதட்டத்துல தலைய மாத்தி ஒட்டிடறா. இப்ப யாரு புருஷன்? விக்கிரமாதித்தன் தலை யாருதோ அவன்தான்னு தீர்ப்பு சொன்னாரு, உடம்புக்கு தலைதான் பிரதானம்னு. அதாவது தலைதான் சேசிஸ் நம்பர்! எங்க பாட்டி கதைய முடிச்சுட்டு ராஜா சொன்னா ஆச்சா, தாலி கட்டுன கை எதுல இருக்குன்னு கேப்பாங்க. உங்க கஸ்டமர் எங்க பாட்டி கட்சி.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, வேதாளத்துகிட்ட பாஸ் சொல்ல முடியாது. பதில் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டா தலை சுக்குநூறா வெடிச்சிரும், வாய தொறந்தா அது மறுபடி முருங்கை மரத்துல போய் தொங்கும். "ரெண்டும் வேணாம் மச்சி"ன்னு நழுவுறவங்களுக்கு இத விட நல்ல ரூல் கிடையாது.

சொதிப்பிரியை

நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட வீட்டிலை கறண்ட் போனால் இதுதான் வேலை. ஒருக்கா நான் கேட்டன், ஆயுள் முழுக்க புட்டோ இடியப்பமோ ஒண்டுதான் எண்டால் எது எண்டு. தம்பி புட்டு, அப்பாவும் புட்டு. அம்மம்மா கன நேரம் யோசிச்சுப்போட்டு "இடியப்பம், மிஞ்சினால் பிய்ச்சுக் கொத்துப் போடலாம்" எண்டா. அது கள்ள ஆட்டம் எண்டு தம்பி கத்தினவன். அப்ப அம்மம்மா "சரி, அப்ப இனி ஆர் உரலைப் பிழியிறது எண்டு சொல்லு" எண்டா. அவன் உடனை வாயை மூடிட்டான்.

தண்டவாளம்

அந்த ஆத்துல விழுற கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. 1967-ல பிலிப்பா ஃபுட்னு இங்கிலாந்துல ஒரு தத்துவக்கார அம்மா, பிரேக் பிடிக்காத டிராம் கேள்விய எழுதினாங்க, ஒரு பாதைல அஞ்சு பேர், இன்னொண்ணுல ஒருத்தர், டிரைவர் எந்தப் பக்கம் திருப்பணும்னு. அப்புறம் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் வந்து, பாலத்து மேல நிக்கிற குண்டா ஒருத்தர தள்ளி விட்டா வண்டி நின்னுரும், தள்ளுவியான்னு கேட்டாங்க. கணக்கு அதேதான், அஞ்சுக்கு ஒண்ணு, ஆனா மொதல்ல திருப்புன ஆளே இங்க தள்ள மாட்டான். இத்தன வருஷமா அடிச்சுக்கிறாங்க, ஆனா அந்த ஆறு பேருக்கும் பேரு கிடையாது, ஊரு கிடையாது. நீங்க அவன் அம்மாவையே தண்டவாளத்துல கட்டிப் போட்டுட்டீங்களே. அதுவும் அவன் என்ன பதில் சொன்னாலும் அது அவன் வீட்டுக்கு போகும், உங்க ஒய்ஃபுங்க எல்லாம் ஒரே குரூப்லதான இருப்பாங்க? பெத்தவங்கள வச்சு நானும் ஒருதடவ கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். போன் பண்ணி பேசுங்க, மெசேஜ் வேணாம்.

மொட்டைமாடி_வாசி

ஒய்ஃபுங்க குரூப் இருக்கு. அது எங்க யாருக்குமே தோணல, அவனுக்கு மட்டும்தான் தோணியிருக்கு போல. போன் அடிச்சேன், எடுக்கல. சரின்னு வாத்தியாரோட பூனை எலும்பு கணக்க மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க குரூப்ல போட்டேன், சொசைட்டிக்காரன் உடனே "எந்த யானை, ஆப்பிரிக்காவா ஆசியாவா"ன்னான். ஒரு கால் மணி நேரம் கழிச்சு நம்மாளுகிட்டேர்ந்து ரெண்டு மாசத்துல மொத மெசேஜ்:

"அது எந்திரிக்கவே முடியாதுன்னா தினமும் யாருடா பால் ஊத்துறது?"