தீ கீழே, நாங்கள் மேலே: தப்பும் வழியைப் பற்றிக் கேட்டது தப்பா?

புதுக்கை எழுதியது:

வணக்கம். காட்டுத்தீ அணைக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்து இது எனக்கு இரண்டாவது கோடை. எட்டுப் பேர் குழு, அதில் நான்தான் வயதில் சின்னவன். போன வாரம் நடந்த ஒன்று மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

தீ மலைச்சரிவின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜுவாலை முழங்கால் உயரம்கூட இல்லை. முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தீக்கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல்லையும் புதரையும் நீக்கிய வெற்றுத்தரைப் பட்டை, வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். மேல்பகுதியில் இடுப்பளவு காய்ந்த புல், அதற்குக் கீழே அடர்ந்த புதர். ஒரு மணி நேரம் வெட்டியிருப்போம். நிமிர்ந்து பார்த்தால் முகடு எங்கேயோ இருந்தது. கீழே தீயைப் புதர் மறைத்துவிட்டது, புகை மட்டும் தெரிந்தது.

"தீ மேலே ஏறினால் எங்கே போவது?" என்று தலைவரிடம் கேட்டேன். "வந்த வழியே மேலே" என்றார். "மேலே போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. "பயமாக இருந்தால் மேலே போய்த் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் தீ அடங்கிவிட்டது. ஆனாலும் கேட்கிறேன்: அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்ததா, இல்லை எனக்கு அனுபவம் போதவில்லையா? அடுத்த முறை எதையெல்லாம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும்?

கரித்தரை எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது தப்பே இல்லை. பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பதினொரு வருடம் குழுத்தலைவன். "எவ்வளவு நேரம் ஆகும்" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் என் ஆட்களை நான் நிறுத்த மாட்டேன்.

ஆபத்து இருந்தது. தீ சின்னதாக இருந்ததுதான் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது. சரிவில் ஜுவாலை மேல்பக்கம் சாய்ந்து, இன்னும் எரியாத புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடக்கூடத் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது 20 டிகிரியில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. நமக்கோ சரிவு கூடக்கூட நடை குறையும். அந்த மலை தீக்கு ஏணி, நமக்குச் சுவர்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு 1994 ஜூலை 6 நினைவுக்கு வந்தது. கொலராடோவில் ஸ்டார்ம் கிங் மலை. மின்னல் விழுந்து பற்றிய தீ, சில நாட்கள் சின்னதாகவே கிடந்தது. அன்றைக்கு மேற்குச் சரிவில் ஓக் புதருக்கு நடுவே கீழ்நோக்கிக் கோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே என்ன நடக்கிறது என்பதைப் புதர் மறைத்தது. மதியத்துக்கு மேல் குளிர்காற்று முகப்பு ஒன்று வந்து காற்று வேகமெடுத்தது. தீ அவர்களுக்குக் கீழே ஓடைப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு மேலே ஓடியது. 14 பேர் இறந்தார்கள். மேடேறி ஓடும்போதும் சிலர் கருவியையும் பையையும் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறார்கள். அவற்றைக் கீழே போட்டிருந்தால் இன்னும் வேகமாகப் போயிருக்க முடியும் என்று பிறகு ஆராய்ந்து சொன்னார்கள்.

கீழ்நோக்கிக் கோடு வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் வேறு வழி இருக்காது. ஆனால் அப்படி இறங்குவதானால் கீழே தீயைக் கண்ணால் பார்க்கும் ஒருவர் இருக்க வேண்டும். நாம் வெட்டும் கோட்டுக்குக் கீழ்ப்பக்கம் தீ சுற்றி வந்துவிட முடியாதபடி அடியில் ஏதாவது தடை இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன தீக்கு நான் பொறுப்பாக இருந்திருந்தால் வாலில் இருந்து, அதாவது ஓடைப் பக்கமிருந்து, ஏற்கெனவே எரிந்து கரியான தரையில் ஒரு காலை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மேலேறி வெட்டச் சொல்லியிருப்பேன். முழங்கால் உயர ஜுவாலையைக் கைக்கருவியால் நேரடியாகவே அணைக்கலாம். 1.2 மீட்டருக்கு மேல் போனால்தான் கிட்டே நின்று வெட்ட முடியாத அளவுக்குச் சூடு அடிக்கும். கரியில் கால் இருக்கும்வரை தப்பும் இடம் உங்கள் கூடவே வருகிறது.

இனி நேர விஷயம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தப்பும் வழியைக் கையால் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் தலைவன் ஆன முதல் வருடம், ஒரு தீயில், ஆட்களை இறக்கிய பிறகு ஏதோ உறுத்தியது. குழுவில் மெதுவாக நடக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு, வேலை நடக்கும் இடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு நடந்து பார்த்தேன். அவர் முதுகில் ரம்பம், கையில் பெட்ரோல் கேன். காலையில் அந்தத் தூரத்தை ஒன்பது நிமிடத்தில் இறங்கியிருந்தோம். ஏற இருபத்தாறு நிமிடம் ஆனது. பாதி வழியில் அவர் ஒரு கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, பேச முடியவில்லை. வெயில்தான் இருந்தது, புகைகூட இல்லை. இருபத்தாறு நிமிடத்தில் தீ எவ்வளவு தூரம் ஏறும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே எல்லாரையும் மேலே கூப்பிட்டுக் கோட்டை வேறு இடத்துக்கு மாற்றினேன். அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை தம்பி. ஆனால் அதற்குப் பிறகு அளக்காமல் நான் யாரையும் இறக்கியதில்லை.

எப்போதும் மெதுவான ஆளின் நேரம்தான் கணக்கு. வழியில் பளிச்சென்ற நிறத்தில் ரிப்பன் கட்டுங்கள், புகையில் மனித மூளை இடது வலதை மறந்துவிடும். கோடு நீள நீளத் தப்பும் நேரமும் நீளும், அதனால் காலையில் எடுத்த கணக்கு மதியம் செல்லாது. அன்றைக்கு உங்களுக்கு நடந்தது அதுதான்: முதல் பத்து நிமிடம் "வந்த வழி" சரியான பதில், ஒரு மணி நேரம் கழித்து அது பதிலே இல்லை.

பால் கிளீசன் என்ற குழுத்தலைவர் 1991-இல் இதை நான்கே விஷயங்களாகச் சுருக்கினார்: பார்த்துச் சொல்ல ஒரு காவலாள், பேசிக்கொள்ளத் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேலை தொடங்கக் கூடாது. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் உங்களுக்கு அன்று ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

உச்சிப்பாறை எழுதியது:

கரித்தரை அண்ணன் சொன்னதில் காவலாள் பற்றிய பகுதியை மட்டும் நான் நீட்டுகிறேன். ஏழு வருடமாக எனக்கு அதுதான் வேலை.

காவலாள் என்றால் ஓய்வெடுக்க அனுப்பப்பட்டவர் என்று நினைக்கும் குழுக்கள் இருக்கின்றன. காலில் அடிபட்டவரையோ புதிதாக வந்தவரையோ மேலே உட்கார வைத்துவிடுவார்கள். குழுவில் தீயை நன்றாகப் படிக்கத் தெரிந்தவரைத்தான் அங்கே வைக்க வேண்டும். தீயும் குழுவும் இரண்டுமே அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்று மறைந்தாலும் இடம் மாற வேண்டும்.

மேலே போனதும் நான் முதலில் எல்லைக்குறி வைப்பேன். "தீ அந்த ஒற்றை மரத்தைத் தொட்டால் எல்லாரும் கிளம்ப வேண்டும்" என்று ரேடியோவில் சொல்லி, தலைவர் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். தப்பும் நேரம் தெரிந்தால்தான் அந்த மரத்தை எவ்வளவு தள்ளித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியம். மணிக்கு ஒரு முறை காற்றின் ஈரப்பதத்தை அளந்து சொல்வேன். தூரத்தில் இடிமேகம் கட்டினால் அதையும் சொல்வேன். மேகம் இடியும்போது கீழே விழும் காற்று எந்தத் திசையிலும் பாயும், இதுவரை பக்கவாட்டாக இருந்த தீ ஒரே நொடியில் தலையாக, அதாவது வேகமாக முன்னேறும் முனையாக, மாறும்.

அரிசோனாவில் யார்னெல் ஹில், 2013 ஜூன் 30. அப்படிப்பட்ட காற்றுதான் தீயை அங்கே வேலை செய்த ஒரு தீயணைப்புக் குழுவின் பக்கம் திருப்பியது. அவர்களுடைய காவலாள் எல்லைக்குறி தாண்டியதும் சொன்னபடி இடத்தை விட்டு விலகினார், பிழைத்தார். மற்ற 19 பேரும் எரிந்து முடிந்த கரித்தரையில் பத்திரமாகத்தான் இருந்தார்கள். பிறகு அதை விட்டுக் கிளம்பி, புதர் மண்டிய ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஒரு பண்ணையை நோக்கி இறங்கினார்கள். அந்த நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க மேலே காவலாள் யாரும் இல்லை. 19 பேரும் இறந்துபோனார்கள். எனக்கு அதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

நேர்கோடு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் தீ சூழ்ந்தால் மேலே போர்த்திக்கொண்டு படுக்க ஆளுக்கு ஒரு தீக்கவசக் கூடாரம் மடித்து இடுப்பில் இருக்கிறதே. ஒவ்வொரு இடத்திலும் கடிகாரம் வைத்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தால் தீ பெரிதாகிவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக அடித்தால்தான் தீ அடங்கும்.

கரித்தரை எழுதியது:

வேகம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கூடாரத்தைக் கணக்கில் சேர்ப்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஜுவாலை நேரடியாகத் தொட்டால் தாங்காது. அலுமினியத் தகட்டையும் துணியையும் ஒட்டியிருக்கும் பசை சுமார் 260 டிகிரி செல்சியஸில் விட ஆரம்பிக்கும். யார்னெலில் 19 பேரும் கூடாரத்தோடுதான் இருந்தார்கள். அது எல்லா வழியும் அடைந்த பிறகு கடைசியாகச் செய்வது. அதை நம்பி ஒரு திட்டம் போட்டால் அது தப்பும் திட்டம் ஆகாது.

நடந்து பார்க்க இருபது நிமிடம் ஆகிறது என்றால், அந்த இருபது நிமிடத்தில் மற்றவர்கள் முகட்டில் கோடு வெட்டட்டும். வேலை நிற்காது.

பாதுகாப்பான இடம் பற்றியும் ஒன்று. சமதரையில், காற்று இல்லாதபோது, ஜுவாலையின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். சரிவும் காற்றும் சேர்ந்தால் அது போதாது. முகட்டில் நீங்கள் வெட்டிய ஒரு மீட்டர் அகலக் கோடு பாதுகாப்பான இடமே அல்ல தம்பி, எரிய ஒன்றும் மிச்சமில்லாத கரித்தரை பெரிய பரப்பாக இருந்தால்தான் அது இடம். 1949-இல் மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் 16 பேரைத் தீ மேடேற்றித் துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் கருவிகளைப் போடச் சொன்னார். பிறகு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார், யாரும் வரவில்லை. அவர் பிழைத்தார், பாறைப் பக்கம் ஏறிய இருவர் பிழைத்தார்கள், 13 பேர் போனார்கள். அப்படி ஒரு உத்தியை அவர்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஓடும்போது விளக்கிச் சொல்ல நேரம் ஏது? பேச வேண்டியதையெல்லாம் கோடு வெட்டத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

புதுக்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுத் தலைவரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். ஆள் முன்னால் கேட்டதால் கோபம் வந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டார். நேரத்தை அவர் எப்போதுமே அளந்ததில்லையாம். இன்று காலை எட்டுப் பேரும் ஒரு சரிவில் நடந்து பார்த்தோம். முழுச் சுமையோடு கடைசி ஆள் ஏற இருபத்தொரு நிமிடம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏறினால் பதினான்கு. கடைசியாக வந்தவர் அன்றைக்குச் சிரித்த இருவரில் ஒருவர். ஏறியதும் பேசாமல் என் தோளைத் தட்டினார்.

ஒரு சந்தேகம் மட்டும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு என்றால், எதையுமே வைத்துக்கொள்ளக் கூடாதா?

கரித்தரை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் தலைவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரேடியோ, கூடாரம், கையுறை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், இவை உடம்போடு இருக்கட்டும். கூடாரம் பைக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துக்கொண்டு பையைப் போடுங்கள். ரம்பம், மண்வெட்டி, முதுகுப் பம்பு எல்லாம் கீழே. பெட்ரோல் கேனை மட்டும் நின்ற இடத்திலேயே போடாதீர்கள், பின்னால் வருபவர் ஓட வேண்டிய வழி அது. எட்டிய மட்டும் தள்ளி வீசிவிட்டு ஓடுங்கள். இதையும் ஒரு நாள் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். பையின் கொக்கியைப் பார்க்காமல் கழற்ற என் குழுவில் ஒரு பையனுக்கு நாலு தடவை பழக வேண்டியிருந்தது.