படத்துக்காகப் பிடித்த விரால்

குழு: ஏரிக்கரைக் குடும்பம்

ஞாயிறு

கதிர் (காலை 6:52): 📷 புகைப்படம்

கதிர்: ஒரு முழத்துக்கு மேல் இருக்கும்! நாணல் ஓரத்தில் தவளைப் பொம்மையை இரண்டாவது தடவை இழுத்ததுமே பாய்ந்து கவ்வியது. படம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிட்டேன். அத்தை திட்ட வேண்டாம்.

அத்தை: திட்டவில்லையடா. கை பத்திரம். அதன் பல்லைப் பார்த்தாலே எனக்கு நடுங்குகிறது.

மாமா: சபாஷ் கதிர்! ஏரியில் மீனே இல்லை என்று மூக்கால் அழுகிறவர்கள் இதைப் பார்க்கட்டும். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன்.

பெரியப்பா: கதிர், அது இருந்த இடத்தில் தண்ணீர்மேல் சிவப்பாக ஏதாவது தெரிந்ததா?

கதிர்: ஆமாம் பெரியப்பா! செம்மண் கரைத்தாற்போல் ஒரு திட்டு, நகர்ந்துகொண்டே இருந்தது. அதன்மேல் பொம்மையைப் போட்டால் விரால் நிச்சயம் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அதனால்தான் அங்கே போட்டேன்.

பெரியப்பா: அது குஞ்சுக் கூட்டம். நீ பிடித்தது காவலுக்கு நின்ற தாய், இல்லாவிட்டால் தகப்பன். அதற்குப் பசியே இருந்திருக்காது. குஞ்சுக்கு மேலே ஏதோ வந்துவிட்டதென்று பாய்ந்திருக்கும்.

கதிர்: ஆனால் விட்டுவிட்டேனே பெரியப்பா.

பெரியப்பா: எவ்வளவு நேரம் கழித்து?

கதிர்: முள்ளை எடுத்து, அளந்து, மூன்று படம். ஐந்து நிமிடம் இருக்கலாம். நாணல் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று படித்துறைக்குக் கொண்டுவந்தேன். அங்கேயே விட்டேன்.

பெரியப்பா: ம்.

மாமா: மச்சான், பையனை மிரட்டாதீர்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். ஈரச் சாக்கில் போட்டு வைத்தாலும் கிடக்கும். ஐந்து நிமிடத்தில் அதற்கு என்ன ஆகிவிடும்?

பெரியப்பா: அதற்கு ஒன்றும் ஆகாது மாப்பிள்ளை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அத்தை: 🎤 குரல் செய்தி (0:41)

நான்: அத்தை, பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. எழுதுங்களேன்.

அத்தை: காவல் போனால் குஞ்சை யார் தின்னும் என்று கேட்டேன். அவ்வளவுதான்.

நான்: அதற்கு நாற்பத்தொரு நொடியா!

கவிதா அக்கா: சுற்றி யார் யார் நிற்கிறார்களோ எல்லாரும் தின்பார்கள் அத்தை. வட அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீன். அதில் தகப்பன்தான் கூட்டைக் காக்கும். தூண்டிலில் அதைத் தூக்கியதுமே சின்ன மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்னத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கிறோமோ அவ்வளவு சேதம். திரும்பி வந்தாலும், கூட்டில் மிச்சம் கொஞ்சமாக இருந்தால் சில மீன்கள் அதைக் கைவிட்டுப் போய்விடும்.

கதிர்: நான் இவ்வளவு நாளும் நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதா அக்கா: பிடித்தால் விடுவது நல்லதுதான். குஞ்சு காக்கும் நாட்களில் மட்டும் அது போதாது.

மாமா: ஏரியில் ஒரே ஒரு விராலா இருக்கிறது? ஒன்று போனால் இன்னொன்று.

கவிதா அக்கா: அங்கேதான் மாமா சிக்கல். இல்லினாயில் ரிட்ஜ் ஏரி என்று ஒரு சின்ன ஏரி. 1977-இல் தொடங்கி நான்கு வருடம், அங்கே சிக்கிய ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். பிறகு ஏரியை வடித்து எண்ணினால் 1,700-க்கும் மேல் மீன். அவற்றில் ஏறக்குறைய 200 மீன் ஒருமுறைகூடச் சிக்காதவை. மற்றவற்றில் சில திரும்பத் திரும்பச் சிக்கியவை.

அத்தை: மனிதர்களைப் போலத்தான்!

கவிதா அக்கா: 😄 இரண்டு வகையையும் தனித்தனியாக மூன்று தலைமுறை வளர்த்தார்கள். சிக்கும் குணம் பிள்ளைகளுக்கும் வந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது 2012-இல் வந்த கட்டுரையைப் படித்துத்தான். சுலபமாகச் சிக்கும் வம்சத்து ஆண்மீன்கள்தான் கூட்டை அதிக மூர்க்கமாகவும் அதிகக் கவனமாகவும் காத்தனவாம். ஏரியின் நல்ல தகப்பன்களைத்தான் தூண்டில் தேடித்தேடி எடுக்கிறது. மிஞ்சுவது கூச்ச சுபாவமும் அலட்சியமும்.

பெரியப்பா: இதை இத்தனை வருடமாக எனக்கு ஏனம்மா சொல்லவில்லை?

கவிதா அக்கா: நீங்கள் தூண்டிலோடு போகும்போது சொன்னால் கேட்டிருப்பீர்களா அப்பா?

பெரியப்பா: கேட்டிருக்க மாட்டேன். சின்ன வயதில் நானும் அந்தச் சிவப்புத் திட்டைத் தேடித்தான் போவேன்.

மாமா: சரி. தூண்டிலில் ஒன்றும் படாமல் போகட்டும், அன்றைக்கு நிறுத்திக்கொள்வோம். இப்போதுதான் நன்றாகப் படுகிறதே.

கவிதா அக்கா: தூண்டிலை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள் மாமா. மீன் ஏரி முழுக்கப் பரவியா நிற்கிறது? நாணல், பள்ளம், பட்ட மரத்து வேர், இந்த மூன்று நான்கு இடங்களில்தான். ஓரிடத்தில் நிற்பதைப் பிடித்தால், வேறிடத்தில் இருப்பது அந்த நல்ல இடத்துக்கு வந்து நிற்கும். நமக்கு எப்போதும் மீன் படுவதாகவே தோன்றும். கடைசிச் சிலது வரைக்கும் தோன்றும். பிறகு ஒரே பருவத்தில் ஒன்றுமில்லை.

நான்: அப்படியானால் மீன் படவில்லை என்றாலும் மீன் இல்லை என்று சொல்ல முடியாதா?

கவிதா அக்கா: முடியாது! 1970-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஒரே ஒருமுறை முள்ளில் மாட்டிய கெண்டைகள் அதற்குப் பிறகு நெடுநாள் தூண்டிலை அண்டவில்லை. குளத்தில் மீன் இருந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை. தூண்டில் இரண்டு பக்கமும் பொய் சொல்லும்.

மாமா: பெரிய வலை போட்டு வாரிக்கொண்டு போகிறவர்களை விட்டுவிட்டு, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் பையனைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பெரியப்பா: வலைக்காரரை நான் நியாயப்படுத்தவில்லை. கொசுவலைக் கண்ணியில் குஞ்சையும் சேர்த்து வாருவது கொலை. ஆனால் வலை போட்டுப் பிழைப்பவனுக்குக் கூலி கட்டாவிட்டால் வேறு நீர்நிலைக்குப் போய்விடுவான். பொழுதுபோக்குக்கு வருகிறவனுக்கு மீன் கிடைக்காவிட்டாலும் பொழுது போகும். மறுநாளும் வருவான். சின்ன ஏரிக்கு அதுவே பாரம்.

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும் அண்ணா. தண்ணீர் ஏன் இப்படிப் பாசிப் பச்சையாக நாறுகிறது? அதைப் பேசுங்கள்.

மாமா: சாக்கடை. வேறென்ன.

கவிதா அக்கா: சாக்கடைதான் பெரிய காரணம், மாமா சொல்வது சரி. ஆனால் விராலுக்கும் அதில் பங்கு உண்டு. விரால் போன்ற வேட்டை மீன் குறைந்தால் சின்ன மீன் பெருகும். அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளைத் தின்று தீர்க்கும். பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். மேய ஆள் இல்லை, பாசி கொழுக்கிறது. மிச்சிகனில் 1985-இல் ஓர் ஏரியின் பாஸ்களைப் பிடித்து, டியூஸ்டே என்ற பக்கத்து ஏரியில் விட்டார்கள். அங்கிருந்த சின்ன மீன்களை எடுத்து முதல் ஏரிக்கு மாற்றினார்கள். டியூஸ்டே ஏரியில் பாசி குறைந்தது.

அத்தை: ஓ.

மாமா: குஞ்சு வாங்கி விட்டால் போயிற்று. கட்லா, ரோகு.

கவிதா அக்கா: அவை விராலின் வேலையைச் செய்யாது மாமா. தேங்கிய நீரில் பொதுவாக இனப்பெருக்கமும் செய்யாது, வருடா வருடம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜிலேபி மீனோ நேர் எதிர். அதைத் தின்ன ஆள் இல்லையென்றால் விரல் நீளத்திலேயே முட்டையிட்டு, ஏரி முழுக்க வளராத மீனாக நிறைந்துவிடும்.

கதிர்: சரி அக்கா. இனி சிவப்புத் திட்டு தெரிந்தால் அந்தப் பக்கமே போட மாட்டேன். முள் சுலபமாகக் கழலும்படி அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியையும் நசுக்கிவிடுகிறேன்.

பெரியப்பா: அறுந்த தூண்டில் நரம்பையும் அங்கேயே விட்டுவிட்டு வராதே. போன மாதம் கொக்கின் காலில் சுற்றிக் கிடந்தது.

நான் (மாலை 5:20): இப்போது ஏரிக்கரையில் நிற்கிறேன். நாணல் ஓரத்தில் பதினோரு தூண்டில். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

கதிர்: நாணல் ஓரத்திலா? நான் யாரிடமும் இடம் சொல்லவே இல்லையே!

நான்: இரண்டு பேர் உன் படத்தை வைத்துக்கொண்டு பின்னால் தெரியும் பட்ட மரத்தைத் தேடுகிறார்கள். நடைப்பயிற்சிக் குழுவில் வந்ததாம்.

மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: ஏன் நீக்கினீர்கள்? பக்கத்து அறையில்தானே இருக்கிறேன், வந்து சொல்லுங்கள்.

மாமா: அந்தக் குழுவில் படத்தை நீக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது என்கிறது. நான் போய் அவர்களிடம் பேசுகிறேன். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

பெரியப்பா: நில்லுங்கள் மாப்பிள்ளை, நானும் வருகிறேன். சண்டை வேண்டாம். குஞ்சைக் காட்டினாலே பாதிப் பேர் சுருட்டிக்கொள்வார்கள்.

பெரியப்பா (இரவு 7:48): ஏழு பேர் போய்விட்டார்கள். நான்கு பேர் எங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காட்டலாம் என்று போனால் குஞ்சுக் கூட்டத்தைக் காணவில்லை. இருட்டிவிட்டதாலும் இருக்கலாம்.

திங்கள்

கதிர் (காலை 6:30): தூண்டில் இல்லாமல் வந்திருக்கிறேன். நாணல் ஓரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை பெரியப்பா.

பெரியப்பா: சரி. வா.

கதிர் (காலை 7:05): பெரியப்பா! வேறோர் இடத்தில் இன்னொரு கூட்டம். இன்னும் பொடி, நல்ல சிவப்பு. இரண்டு பெரிய தலைகள் அடியில் தெரிகின்றன, கூட்டம் நகர நகர அவையும் நகர்கின்றன.

அத்தை: படம் போடு கதிர்!

கதிர்: போட மாட்டேன் அத்தை.

மாமா: எந்தப் பக்கம்? கிழக்கா?

கதிர்: மாமா, உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.