பழைய டெம்போ டிராவலர் கேம்பர் வாங்கியிருக்கிறோம்: ஏற்காடு ஏறும் முன் எதைச் சரி பண்ணுவது?

அஸ்தம்பட்டி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் போன மாதம் 1996 மாடல் டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினோம். கம்பெனிக்கு பஜாஜ் டெம்போ என்று பெயர் இருந்த காலத்து வண்டி. முன்பு வைத்திருந்தவர் சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு மேடை, அலமாரி, கூரை மேல் தண்ணீர் டேங்க் எல்லாம் செய்து வைத்திருக்கிறார். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் தம்பிக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி மாதத்தில் சில நாள் இருக்கலாம் என்பதுதான் ஆசை.

வண்டியில் உள்ள குறைகள் இவை. ஓமலூர் ரோட்டில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சூடாவதில்லை. அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் முள் ஏற ஆரம்பித்து, பாதி மலைக்குள் சிவப்பைத் தொடுகிறது. இறங்கும்போது பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, கருகிய வாசனை வருகிறது. மழை பெய்தால் கட்டிலுக்கு மேலே உள்ள அலமாரியில் தண்ணீர் சொட்டுகிறது, பிளைவுட் உப்பிப் பூசணம் பிடித்திருக்கிறது. ராத்திரி லைட்டும் ஃபேனும் போட்டால் காலையில் ஸ்டார்ட்டர் முனகுகிறது.

ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணியே ஆகவேண்டும் என்கிறார். எங்கள் கையில் இருப்பது ஓய்வூதியப் பணம். எதில் ஆரம்பிப்பது?

நாகலூர் மலைவண்டி

வணக்கம் டீச்சர். இன்ஜினைப் பிரிக்க மட்டும் யாருக்கும் சரி சொல்லிவிடாதீர்கள். சமதளத்தில் சூடாகாமல், புகை தள்ளாமல், ஆயில் குடிக்காமல் ஓடுகிற வண்டிக்கு போர் வேலை எதற்கு? உங்கள் வண்டியில் இருப்பது பென்ஸ் லைசென்ஸில் இங்கேயே செய்த ஓஎம் 616 டீசல் இன்ஜின். மேட்டடார், டிராக்ஸ் வண்டிகளிலும் இதே இன்ஜின்தான், அதனால் சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த கைகளும் சேலத்தில் உண்டு. எஸ்டேட்டில் இதே இன்ஜின் வண்டியைத்தான் பல வருஷம் ஓட்டினேன். காப்பி மூட்டை, மிளகு, வேலையாட்கள், சில சமயம் பிரசவ வலியோடு இருக்கிற பெண்கள் என்று எல்லாவற்றையும் இந்த இருபது வளைவில் இறக்கியிருக்கிறேன். பழைய வண்டியோடு யாராவது மலை ஏறுகிறார்கள் என்றால் எனக்கு மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு எடை மேடைக்குப் போங்கள். செவ்வாய்பேட்டை மண்டிப் பக்கம் லாரிக்கு எடை போடுகிற இடங்கள் இருக்கின்றன. டேங்க் நிறையத் தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், படுக்கை, நீங்கள் இருவரும் எல்லாம் ஏறி, மலைக்குப் போகிற மாதிரியே போங்கள். முதலில் முழு வண்டி, அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் பின் சக்கரம் மட்டும். மூன்று எடைச் சீட்டு வாங்கி ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு மாதிரி மாற்றின வண்டிகளில் யாரும் இதைச் செய்வதில்லை. 18 மிமீ பிளைவுட் முழு ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ, அதுவும் கூரை மேல். வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ. நீங்கள் சொன்ன முதல் இரண்டு குறைகளுக்கும் அந்தச் சீட்டில் பாதி பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சூடு விஷயம். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் என்று எடுத்துப் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. இந்த இன்ஜினில் அது பெரிய கெடுதல். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த வால்வு ரேடியேட்டர் வழியை அடைத்து, தண்ணீரைக் குறுக்கு வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து குறுக்கு வழியை மூடும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்து கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடும். ஓமலூர் ரோட்டில் தெரியாது. இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது தெரியும். வால்வு இருந்தால் சட்டியில் தண்ணீர் வைத்து அதில் போட்டுச் சூடு பண்ணுங்கள், சுமார் 80 டிகிரியில் வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். கூடவே ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், மேலே போகப் போக இன்னும் சீக்கிரம். இத்தனைக்கும் பிறகு சூடானால் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் பண்ணலாம்.

இனி பிரேக். இதைச் சரி பண்ணாமல் மலைப்பக்கம் வண்டியைத் திருப்பவே கூடாது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடும். பிரேக் லைனிங் உரசுகிற சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்தால் பெடல் மெத்தென்று போகும். நீங்கள் சொன்னது அப்படியே அதுதான். பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி டாட் 4 ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கின காற்றை வெளியேற்றுங்கள். அதோடு சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உப்பி வழி அடைத்திருக்கும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடும், கருகிய வாசனைக்கு அதுவும் ஒரு காரணம். சமதளத்தில் கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். எது மட்டும் அனலாக இருக்கிறதோ அதைப் பிரித்துப் பாருங்கள்.

டேப்பட் (வால்வு இடைவெளி) எப்போது பார்த்தார்கள் என்று தெரியாவிட்டால் ஒரு முறை பார்த்துவிடுங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மிமீ. டயரில் தேதியைப் பாருங்கள், நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் (டயரின் பிடிப்புக் கட்டை) எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்து டயரோடு மலை வேண்டாம்.

கொண்டலாம்பட்டி பாடி பில்டர்

மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் இன்ஜினில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுகுவதைப் பற்றிச் சொல்கிறேன், பஸ் பாடி வேலைதான் எனக்குச் சோறு.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காதுங்க டீச்சர். கூரைக்கு உள்ளே குறுக்குச் சட்டம் ஓடும், தண்ணீர் அதன் மேலேயே ஊர்ந்து போய் எங்கோ ஓர் ஓரத்தில் விழும். உள் பிளைவுட்டைக் கழற்றாமல் மேலே எதைப் பூசினாலும் காசு வீண். கழற்றியபின் ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழே இருந்து ஆரம்பியுங்கள்: முதலில் ஜன்னல் பீடிங் (கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர்), அப்புறம் மழைத்தண்ணி ஓடுகிற விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலே இருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்று பிடிபடாது. உங்கள் வண்டியில் டேங்க் உட்கார்ந்திருக்கிற ஸ்டாண்டின் போல்ட்டுகள் மேல்தான் எனக்குச் சந்தேகம். கூரையைத் துளைத்து போல்ட் போட்டு, மேலே கனத்தை வைத்து, வளைவில் ஆட்டினால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

பழைய சிலிக்கான் இருந்தால் பிளேடால் கடைசித் துணுக்கு வரை சுரண்டுங்கள். அதன் மேல் புது சிலிக்கானும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது. பாடி வேலைக்கு விற்கிற பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட் வாங்குங்கள். துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் சீலன்ட்.

இன்னொன்று. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி சக்கர வளைவு, கதவுக்கு அடி, படிக்கட்டு எல்லாம் தடவிப் பாருங்கள். தகடு இருந்தால் இழுக்கும், துருவை மறைக்கத் தடிமனாகப் பட்டி (புட்டி) அப்பியிருந்தால் இழுக்காது. புதிதாக மரவேலை செய்வதானால் தண்ணீர் தாங்குகிற, ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் மட்டும் வாங்குங்கள். அதையும் 18 மிமீ வேண்டாம், அலமாரிக்கு 9 மிமீ தாராளம். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். மலை மேலே பனி இறங்கினால் தகட்டின் உள்பக்கம் வியர்க்கும், காற்று போக வழியில்லை என்றால் திரும்பப் பூசணம்தான்.

சூரமங்கலம் இன்வெர்ட்டர்

ஸ்டார்ட்டர் முனகுவதற்கு விடை சுலபம். வீட்டு லைட்டும் ஃபேனும் இன்ஜின் பேட்டரியிலேயே ஓடுகின்றன. தனி பேட்டரி ஒன்று வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே போடுங்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், சாவியை எடுத்தால் பிரிந்துவிடும். 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும், பாதிக்கு மேல் இழுத்தால் ஆயுசு குறையும், ஆக 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி லைட்டுக்கும் 12 வோல்ட் ஃபேனுக்கும் இரண்டு மூன்று ராத்திரிக்குத் தாங்கும். ஆனால் டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும். எடை கூடியிருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாருங்கள், விலை அதிகம், எடை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய வண்டியில் வயர் தகட்டில் உரசித் தோல் போயிருக்கும், ஃபியூஸ் இல்லாவிட்டால் படுத்துத் தூங்கும்போது தீப்பிடிக்கும்.

கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எல்பிஜி காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தங்கும். சிலிண்டர் பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கிற ஓட்டை வேண்டும். ஏற்காட்டுக் குளிருக்கு அடுப்பையோ கரியையோ எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

ஆர்.சி. விவரம்

டீச்சர், காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். சொந்த வாகனப் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 1996 பதிவு என்றால் 2011, 2016, 2021 புதுப்பித்ததற்கு அத்தாட்சி இருக்க வேண்டும், அதற்கடுத்த கெடு 2026. வாடகை வண்டியாகப் பதிவாகி, சீட் எண்ணிக்கை இன்னும் அப்படியே ஆர்.சி.யில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004 பட்டியலில் போக்குவரத்து அல்லாத வாகனங்களில்தான் வருகிறது. இன்சூரன்ஸிலும் உள்ளே மாற்றியிருப்பதைச் சொல்லிப் பதிய வையுங்கள், இல்லையென்றால் ஏதாவது நடந்தால் பணம் தர மறுப்பார்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எடை போட்டாயிற்று. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை விட 260 கிலோ அதிகம், பெரும்பகுதி பின் அச்சில். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி! மலைவண்டி அண்ணா, நீங்கள் பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது. புது வால்வு, புது மூடி போட்டாயிற்று. பிரேக் ஹோஸ்களில் ஒன்றை வெட்டிப் பார்த்தோம், உள்ளே ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. நாலும் மாற்றி ஆயிலும் மாற்றியாகிவிட்டது.

நான் பௌதிகம் எடுத்தவள், அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்றரை டன் வண்டி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம் இறங்குகிறது. அத்தனை ஆற்றலும் பிரேக்கில் போனால், 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. நாலு சக்கரத்துக்குள் இவ்வளவு சூடு என்று நினைத்ததும் கூரை டேங்கை அன்றைக்கே இறக்கச் சொல்லிவிட்டேன்.

டேங்கை எங்கே வைப்பது? இறங்கும்போது எந்த கியர்?

நாகலூர் மலைவண்டி

ரொம்ப சந்தோஷம் டீச்சர், அந்த எடைச் சீட்டை வண்டியிலேயே வைத்திருங்கள்.

டேங்க் 60 லிட்டர் போதும், எவர்சில்வரில் பண்ணுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே, தரையோடு, உள்ளே தடுப்புத் தகடு வைத்து, இல்லையென்றால் வளைவில் தண்ணீர் ஒரே பக்கமாக மோதும். மலை ஏறும்போது காலியாகவே போங்கள், தம்பி இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு, கொண்டை ஊசியில் ஒன்று. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். காலைப் பிரேக் மேலேயே வைத்து மிதித்துக்கொண்டிருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள், இடையில் லைனிங் ஆறட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது, இன்ஜினை நிறுத்தவும் கூடாது. பிரேக் பெடலை லேசாக்குகிற பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) இன்ஜினிலிருந்துதான் வருகிறது, இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு அகலமான இடம் பார்த்து வழி விடுங்கள்.

முதல் தடவை சனி, ஞாயிறு வேண்டாம். ஒரு செவ்வாய், புதன் காலையில் பாதி மலை ஏறி, நிறுத்த இடம் இருக்கிற வளைவில் நின்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து, திரும்பி இறங்குங்கள். முள் எங்கே நின்றது, பெடல் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.