புதுப்பிப்பு: எங்கள் கேம் எஞ்சினில் தமிழ் உடையாமல் வருகிறது

சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக கேம் எஞ்சின் (கணினி விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதுகிறோம், திரையில் தமிழ் உடைகிறது, வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். தீர்ந்தது. 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால் வரவேண்டும். எங்கள் நிரலோ உயிர்க்குறி முழுவதையும் எழுத்துக்குப் பின்னால் ஒட்டியது. பலர் சொன்ன ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற மென்பொருளைச் சேர்த்தோம். எழுத்துருவின் விதிகளைப் படித்து, குறிகளைச் சரியான இடத்தில் வைப்பது அதன் வேலை. 2023இல் வந்த கோடோ 4 (Godot) என்ற கேம் எஞ்சினும் அதையே பயன்படுத்துகிறது.

"அப்போ கோடோவையே எடுத்துக்கொள்ளலாமே?" என்றவர்களுக்கு: தாராளமாக, எம்ஐடி உரிமம் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம்), காசும் கிடையாது. ஆனால் எஞ்சின் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கற்கத்தான் தொடங்கினோம்.

அப்புறம், ஒலிப் பகுதிக்கு இன்னும் ஆளில்லை. சி++ நிரல்மொழி தெரிந்தவர்கள் சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு வாருங்கள். கோப்பி என் செலவு.