எங்கள் பாடசாலைப் பத்திரிகைக்குப் பிள்ளைகள் தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மாணவர்களே எழுதி வெளியிடும் பத்திரிகை ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் வரும் 4 பக்கம், அவ்வளவுதான். போன தவணை 7 பேர் இருந்தார்கள். இப்போது 3 பேர். மற்றவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சையும் ரியூஷனும்.

தரம் 7, 8 பிள்ளைகளைக் கேட்டால், "எனக்குக் கட்டுரை வராது, மிஸ்" என்கிறார்கள். யார் கட்டுரை கேட்டது? கன்டீன் அன்ரி விடிய எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்று விசாரித்து எழுதினால் அதுவே செய்தி. காலி வீதி 100ஆம் இலக்க பஸ் நடத்துனரிடம் ஒரு பிள்ளை எடுத்த சின்னப் பேட்டியை முழுப் பாடசாலையும் வாசித்தது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

1930இல் வீரகேசரி, 1932இல் தினகரன் என்று தமிழ்ப் பத்திரிகைகள் தொடங்கிய நகரம் இது. இங்கே தமிழில் செய்தி எழுதப் பழகும் பிள்ளைகள் குறைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பத்திரிகையில் வேலை செய்த யாராவது ஒரு நாள் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் வந்து, பேட்டி எடுக்கக் காட்டித் தருவீர்களா? பெற்றோரே, கிழமையில் எந்த நாள் ரியூஷன் இல்லை? வேறு பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.