ஜூலியானோ மெர்-காமிஸ் நினைவுநாள்: பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்?

திரைச்சீலை:
ஏப்ரல் 4 அன்று எங்கள் ஊர் நூலகத்தில் நடிகரும் இயக்குநருமான ஜூலியானோவுக்கு நினைவுக்கூட்டம். 11 முதல் 14 வயதுக்குள் பதினைந்து பிள்ளைகள், கூடவே பெற்றோர். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவருடைய ‘ஆர்னாவின் பிள்ளைகள்’ ஆவணப்படத்தைப் போட்டுவிட்டு, பாலஸ்தீனத்தின் ஜெனின் அகதிகள் முகாமில் நடந்ததைப் போல ஒரு நாடகப் பயிற்சி வைக்கலாமா? துண்டறிக்கையில் ‘2002இல் இடிக்கப்பட்ட விடுதலை அரங்கின் நிறுவனர், தீவிரவாதிகளால் கொல்லப்பட்டவர்’ என்று எழுதியிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஒப்பனை அறை:
அறிக்கையை நிறுத்துங்கள், இரண்டு பிழை இருக்கிறது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய ராணுவம் ஜெனின் முகாமுக்குள் புகுந்தபோது அழிந்தது அவருடைய அம்மா ஆர்னாவின் சிறுவர் அரங்கு. 1993இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதுப் பணத்தைக் கொண்டு, சமீரா சுபைதி என்பவர் வீட்டு மேல்தளத்தில் ஆர்னா அமைத்தது அது. ஆர்னா 1995இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். விடுதலை அரங்கு 2006இல் தொடங்கியது. ஜூலியானோவோடு சேர்ந்து நிறுவியவர்களில் சமீராவின் மகன் ஸக்கரியாவும் ஒருவர்.

அடுத்தது கொலை. 2011இல் அரங்குக்குப் பக்கத்தில் காரில் இருந்தவரை முகமூடி போட்ட ஒருவன் சுட்டான். சுட்டது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடித்ததற்கு முகாமுக்குள் எதிர்ப்பும் மிரட்டலும் இருந்தது உண்மைதான். அதற்காக அதையும் கொலையையும் நாமே முடிச்சுப் போடக் கூடாது. ‘அடையாளம் தெரியாத நபரால் சுட்டுக்கொல்லப்பட்டார்’ என்று போட்டால் போதும். அம்மா யூதர், அப்பா பாலஸ்தீனக் கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சுருள்பெட்டி:
படம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். 84 நிமிடம். முதலில் ஆர்னாவின் அரங்கில் துறுதுறுவென்று நடிக்கும் பொடியன்களை மனசுக்குப் பிடித்துப்போக வைத்து, பிறகு அவர்களில் பலர் ஆயுதம் தூக்கிச் செத்துப்போனதைக் காட்டும். ஒருவன் 2001இல் இஸ்ரேலின் ஹதேரா நகரில் மக்கள் மீது சுட்டு, அங்கேயே கொல்லப்பட்டவன். பெரியவர்களுக்கு வேறொரு நாள் முழுசாகப் போடுங்கள். துண்டு வெட்டிப் போட்டால் படத்தின் வாதமே காணாமல் போய்விடும்.

பயிற்சி என்றதும் எல்லோருக்கும் அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்: வீடு இடிக்கப்பட்ட கோபத்தை வெளியே கொண்டுவர, ஆர்னா தன்னையே ராணுவமாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, பையன் அடிக்க விடுவது. தயவுசெய்து அதைச் செய்துபார்க்காதீர்கள். ஆர்னா அந்தப் பிள்ளைகளோடு பல காலம் பழகியவர். ஒரு மணி நேரத்துக்கு வந்துபோகிறவர் கோபத்தைக் கிளறிவிட்டால், அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது பிள்ளைதான்.

நான்காம் மணி:
பார்வையாளர் சொல்லும் சொந்த அனுபவத்தை நடிகர்கள் அங்கேயே நடித்துக் காட்டும் பிளேபேக் நாடகத்தின் எளிய வடிவம் ஒன்று போதும். ஜெனின் குழுவே ‘விடுதலைப் பேருந்து’ என்ற பெயரில் மேற்குக் கரை ஊர்களுக்குக் கொண்டுபோனது பிளேபேக்கைத்தான்.

பார்வையாளர்களின் இடதுகைப் பக்கம் இரண்டு நாற்காலி: சொல்பவருக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று. எதிர்ப்பக்கம் இசைக்கு ஒருவர். நடுவில் நான்கு ஸ்டூல், பின்னால் ஒரு கொடியில் ஐந்தாறு நிறத் துணி. பத்து நிமிடம் வட்டத்தில் பெயரும் அசைவும். பிறகு நெறியாளர் சின்னதாகவே கேட்க வேண்டும்: ‘இன்று காலை மனசு எப்படி இருந்தது?’ ஒரு வரி பதில் வந்ததும் நடிப்பவர்களில் ஒருவர் ஓர் ஒலியோடும் அசைவோடும் முன்வருவார், அடுத்தவர் அதோடு சேர்ந்துகொள்வார், நால்வரும் வந்ததும் உறைவார்கள். அரை நிமிடம், அவ்வளவுதான். உடனே சொன்ன பிள்ளையைப் பார்த்து ‘இப்படித்தானா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் மாற்றிச் செய்யுங்கள். கதையின் சொந்தக்காரர் அந்தப் பிள்ளை, நடிகர் அல்ல.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ‘மறக்க முடியாத சம்பவம் சொல்லு’ என்று கேட்பது. இசைக்காரர் திடீரென்று பறையை ஓங்கி அடிப்பது, யாராவது விளக்கை அணைப்பது. பயந்த பிள்ளைகளுக்கு இவை இரண்டும் ஆகாது. மூன்றாவது, நேரமாகிவிட்டது என்று வேடத்தோடே அனுப்பிவிடுவது. கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்: துணியைக் கொடியில் போட்டு, கைகால்களை உதறி, சொந்தப் பெயரைச் சொல்லி, தண்ணீர் குடித்து, தரையில் உட்காரட்டும். நடிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்குத் துணி எடுத்துத் தரும் வேலை. கதவு திறந்தே இருக்கட்டும். போட்டோ வேண்டாம்.

ஒப்பனை அறை:
ஒரு சிறு மறுப்பு. அறிக்கையில் ‘மனக்காயம் ஆற்றியவர்’ என்று மட்டும் போட்டால் ஜூலியானோ பாதி ஆளாகிவிடுவார். அடுத்த இன்திஃபாதா (பாலஸ்தீன மக்கள் எழுச்சி) பண்பாட்டு இன்திஃபாதாவாக இருக்க வேண்டும் என்றவர் அவர். ஆக்கிரமிப்பை எதிர்ப்பதையும் முகாமுக்குள் இருந்த கெடுபிடிகளை எதிர்ப்பதையும் ஒரே வேலையாகத்தான் பார்த்தார்.

திரைச்சீலை:
அறிக்கையைத் திருத்திவிட்டோம், நன்றி. உடலால் ஒரு காட்சியைக் காட்டி உறைந்து நிற்கும் சிலை விளையாட்டும் வைக்கப்போகிறோம். அதில் பையன்கள் துப்பாக்கி நீட்டுவதுபோல நின்றால் என்ன செய்வது?

நான்காம் மணி:
நீட்டத்தான் செய்வார்கள், திட்டாதீர்கள். கைதட்டி உறையச் சொல்லுங்கள். அது முதல் சிலை. ‘இது எப்படி ஆனால் நல்லாயிருக்கும்?’ என்று கேட்டு இரண்டாவது சிலை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக நடுவே ஒரு சிலை. அதற்குத்தான் நேரம் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம். யாரும் யாரையும் தொடக் கூடாது, ஒருவருக்கொருவர் ஒரு கை தூரம். சுடப்பட்டவராக எந்தப் பிள்ளையையும் தரையில் படுக்க வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு துணியை விரித்தால் போதும்.